காபி, ஜெட் விமானம், பழுப்பு மிட்டாய்: இணையத்தில் சுற்றும் கம்பெனிக் கதைகளைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி இது: காபியைக் கொட்டிக்கொண்டு கோடீஸ்வரியான பாட்டி, தருவதாகச் சொல்லிவிட்டு பெப்சி தராத ஜெட் விமானம், 11 டாலரை மிச்சம் பிடிக்க ஆட்களை எரியவிட்ட ஃபோர்டு, பழுப்பு மிட்டாயைக் கண்டால் கச்சேரியை நிறுத்தும் ராக் குழு, ‘தீமை செய்யாதே’ என்ற வாசகத்தை அழித்துவிட்ட கூகுள் என்று ஃபார்வர்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றில் எது நிஜம்? சாதாரண ஆள் வீட்டில் உட்கார்ந்தபடியே சரிபார்க்க வழி உண்டா?

உண்டு. ஒரு கதைக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், காசும் பெரும்பாலும் செலவாகாது. தேடலை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; கீழே வரும் காகிதங்கள் எல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்பட்டவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டவற்றில் ஒன்றுகூட முழுப் பொய் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு தீர்ப்போ, ஒப்பந்தமோ, அலுவலகக் குறிப்போ, பழைய வலைப்பக்கமோ இருக்கிறது. அதை எடுத்துப் படித்தால் கதை செத்துப்போவதில்லை, இடம் மாறி உட்காருகிறது. வில்லன் என்று நினைத்தவர் பக்கத்து நாற்காலிக்குப் போயிருப்பார். சில சமயம் அவரே ஃபார்வர்டு சொல்வதைவிட மோசமாகத் தெரிவார்.

காகிதமே இல்லாத கதைகளை முதலில் ஓரம் கட்டிவிடலாம். சோப்புத் தொழிற்சாலைக் கதை தெரிந்திருக்கும். காலிப் பெட்டி வாடிக்கையாளருக்குப் போய்விடுகிறது. எஞ்சினியர்கள் பெரும் செலவில் எக்ஸ்ரே கருவி வைக்கத் திட்டம் போடுகிறார்கள். கடைநிலைத் தொழிலாளி ஒரு மின்விசிறியைக் கொண்டுவந்து வைக்க, காலிப் பெட்டிகள் பறந்துவிடுகின்றன. இதில் கம்பெனியின் பெயர் பதிவுக்குப் பதிவு மாறும், சோப்பு சில ஊர்களில் பற்பசையாகும், ஆண்டு மட்டும் எதிலும் இருக்காது. ஆண்டு இல்லை, ஊர் இல்லை, ஜெயிப்பவர் எப்போதும் வரிசையில் கடைசி ஆள், முடிவில் மேலாண்மைப் பாடம்: இந்த நான்கும் சேர்ந்து வந்தால் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நிஜமான பேக்கிங் வரிசையில் நகரும் பட்டையிலேயே எடை பார்க்கும் கருவி இருக்கும். எடை குறைந்த பெட்டி வந்ததும் அது ஒரு காற்றூதிக்குத் தகவல் கொடுக்கும், காற்று பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். கதையில் சண்டை போட்டுக்கொள்ளும் கருவியும் காற்றும் நிஜத்தில் ஜோடியாகத்தான் வேலை செய்கின்றன.

காகிதம் உள்ள கதைகளில் படிக்க மிக ஜாலியானது பெப்சி வழக்கு. 1996 விளம்பரத்தில், பெப்சி வாங்கிப் புள்ளிகள் சேர்த்தால் டி-ஷர்ட், தோல் ஜாக்கெட் என்று காட்டி, கடைசியில் 70 லட்சம் புள்ளிக்கு ஹாரியர் போர் விமானம் என்று போட்டார்கள். திட்டத்தின் விதியில் ஒரு ஓட்டை இருந்தது. குறைந்தது 15 புள்ளி கையில் இருந்தால் மீதியை ஒன்றுக்கு 10 சென்ட் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஓர் இளைஞர் 15 புள்ளியோடு 7,00,008.50 டாலருக்குக் காசோலை அனுப்பினார். அந்த எட்டரை டாலர் எங்கிருந்து வந்தது என்று ஃபார்வர்டு சொல்லாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 69,99,985 புள்ளி, தலா 10 சென்ட், ஆக 6,99,998.50 டாலர், அனுப்பும் கட்டணம் 10 டாலர். போர் விமானத்துக்கு 10 டாலர் கூரியர்!

இதைக் கண்டுபிடிக்க கூகுள் ஸ்காலரில் கட்டுரைகளை விட்டுவிட்டு வழக்குத் தீர்ப்புகள் என்ற பொத்தானைத் தேர்ந்தெடுத்து, ‘லியோனார்ட் எதிர் பெப்சிகோ’ என்று ஆங்கிலத்தில் தேடினால் போதும். அமெரிக்க மத்திய நீதிமன்றத் தீர்ப்புகள் கோர்ட்லிசனர் தளத்திலும் இலவசம். 1999இல் வந்த தீர்ப்பில் நீதிபதி விளம்பரத்தைக் காட்சி காட்சியாக விவரிக்கிறார். விளம்பரத்தில் வரும், வீட்டுக் கார் சாவியைக்கூட நம்பிக் கொடுக்க முடியாத பையன் விமானம் ஓட்டுவானா என்று கேட்கிறார். 70 லட்சம் புள்ளியைக் குடித்தே சேர்ப்பதென்றால் நூறு ஆண்டுக்குத் தினமும் சுமார் 190 பெப்சி குடிக்க வேண்டும் என்று கணக்கும் போடுகிறார். ஆனால் தீர்ப்பு சிரிப்பை மட்டும் நம்பி நிற்கவில்லை. விளம்பரம் சட்டப்படி ஒப்பந்த முன்மொழிவு ஆகாது, சுமார் 2.3 கோடி டாலர் விமானம் 7 லட்சத்துக்குக் கிடைக்கும் என்று நிதானமான யாரும் நம்ப மாட்டார்கள். எழுத்துபூர்வ ஒப்பந்தமும் இல்லை. மேல்முறையீட்டிலும் 2000இல் இதுவே உறுதியானது. ‘பெப்சி ஏமாற்றியது’ என்று எழுதுபவர்கள் இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் சொல்ல வேண்டும். அதே சமயம், வழக்குக்குப் பின் பெப்சி விளம்பரத்தில் புள்ளியை 70 கோடியாக ஏற்றி, ‘சும்மா தமாஷ்’ என்று ஒரு வரியும் சேர்த்தது. முதலிலேயே சேர்த்திருந்தால் வக்கீல் ஃபீஸ் மிச்சமாகியிருக்கும்.

காபி வழக்கில் நிலைமை தலைகீழ். 1992 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் 79 வயதுப் பெண் ஒருவர் மெக்டொனால்ட்ஸில் 49 சென்ட்டுக்குக் காபி வாங்கினார். மீம்களில் அவர் வண்டி ஓட்டிக்கொண்டே குடிப்பார். நிஜத்தில் ஓட்டியது பேரன், அவர் பக்கத்து இருக்கையில் இருந்தார், கார் நின்றுகொண்டிருந்தது. சர்க்கரையும் க்ரீமும் சேர்ப்பதற்காகக் கோப்பையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து மூடியைத் திறந்தபோது கொட்டிவிட்டது. உடல் பரப்பில் 6 சதவீதத்துக்கு மூன்றாம் நிலைத் தீக்காயம், எட்டு நாள் மருத்துவமனை, தோல் ஒட்டும் சிகிச்சை. அவர் கேட்டது 20,000 டாலர். கம்பெனி தர முன்வந்தது 800. காபியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனியின் சொந்த விதி, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் சூடு பற்றி 700க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன என்பதெல்லாம் விசாரணையில் வெளியே வந்தன.

தொகை விஷயத்தில்தான் மீம் பாதியில் இறங்கிவிடுகிறது. 1994 ஆகஸ்டில் நடுவர் குழு (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள், அதாவது ஜூரி) இழப்பீடாக 2 லட்சம் டாலர் என்று முடிவு செய்து, அவர் பக்கத் தவறு 20 சதவீதம் என்று கழித்து 1,60,000 ஆக்கியது. அதோடு கம்பெனியைத் தண்டிப்பதற்கான தண்டத்தொகை 27 லட்சம். அது கம்பெனியின் சுமார் இரண்டு நாள் காபி விற்பனை. நீதிபதி அந்தத் தண்டத்தொகையை 4,80,000 ஆக வெட்டினார். ஆக மொத்தம் 6,40,000. பிறகு இரு தரப்பும் வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள், அந்தத் தொகை ரகசியம். இழப்பீட்டுச் செய்தி எதைப் படித்தாலும் மூன்று எண்களைத் தேடுங்கள்: நடுவர் குழு சொன்னது, நீதிபதி விட்டுவைத்தது, கடைசியில் கைக்கு வந்தது. தலைப்பில் எப்போதும் முதல் எண்தான் இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் வரும், தெரிந்துகொள்ளுங்கள். இது மாநில விசாரணை நீதிமன்ற வழக்கு. அவற்றில் நடுவர் முடிவுக்குப் பெப்சி வழக்கில் இருப்பதுபோல் நீண்ட தீர்ப்புரை இருக்காது; மேல்முறையீடு நடந்தால்தான் விரிவான காகிதம் உருவாகும். இதில் சமரசம் ஆகிவிட்டதால் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் அந்தக் காலத்துச் செய்தித்தாள்தான் கதி. 1994 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நடுவர்களிடமே பேசி வெளியிட்ட கட்டுரை நல்ல தொடக்கம். தேடலில் தேதியை 1996க்கு முன் என்று கட்டுப்படுத்தலாம், ஆனால் தேடுபொறி காட்டும் தேதியை நம்பிவிடாதீர்கள். பழைய கட்டுரையை நேற்று தளத்தில் ஏற்றினால் நேற்றைய தேதி காட்டும். நேற்றைய பதிவில் 1994 என்று எழுதியிருந்தால் சில சமயம் 1994 காட்டும்.

இனி பின்டோ. இந்தப் பட்டியலிலேயே நன்றாக மென்று படிக்க வேண்டியது இது. ஃபோர்டின் பின்டோ காரில் பின்னாலிருந்து மோதினால் பெட்ரோல் டாங்க் உடைந்து தீப்பிடித்தது. ஃபார்வர்டு சொல்வது: ‘ஒரு காருக்கு 11 டாலர் செலவு செய்வதா, இறப்பவர்களுக்கு இழப்பீடு கொடுப்பதா என்று கணக்குப் போட்ட கம்பெனி, ஆட்கள் சாகட்டும் என்று முடிவெடுத்தது.’ கூடவே ஓர் அட்டவணையின் படமும் வரும். அட்டவணை அசல்தான், 1973இல் ஃபோர்டில் எழுதிய குறிப்பு. ஒரு பக்கம்: 180 மரணம், தலா 2 லட்சம் டாலர், 180 கடும் தீக்காயம், தலா 67,000, எரிந்துபோகும் 2,100 வண்டி, தலா 700. கூட்டினால் சுமார் 4.95 கோடி. மறுபக்கம்: 1.25 கோடி வண்டிக்குத் தலா 11 டாலர், சுமார் 13.7 கோடி. கணக்கில் பிழை இல்லை.

அந்த 1.25 கோடியில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். பின்னால் கம்பெனி திரும்பப் பெற்ற கார்களே, பின்டோவின் இரட்டைக் காரான மெர்க்குரி பாப்கேட்டையும் சேர்த்து, 15 லட்சம்தான். அப்படியானால் அந்த எண் எதைக் குறிக்கிறது? அமெரிக்காவில் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து ஓராண்டில் விற்கும் கார்களையும் சிறு லாரிகளையும். குறிப்பு பின்டோவைப் பற்றியதே இல்லை. வண்டி கவிழும்போது எரிபொருள் கசிவதைத் தடுக்க அரசு கொண்டுவர இருந்த விதிக்கு எதிர்ப்புத் தெரிவித்து, சாலைப் பாதுகாப்புத் துறையிடம் கொடுப்பதற்காக எழுதியது. பின்னால் மோதுவது அதில் பேச்சே இல்லை. ஓர் உயிருக்கு 2 லட்சம் என்ற விலையும் அந்த அரசுத் துறையே தன் ஆய்வில் போட்டது. 1977இல் மதர் ஜோன்ஸ் இதழில் வந்த கட்டுரைதான் இந்த அட்டவணையைப் பின்டோவோடு சேர்த்து ஊரெல்லாம் பரப்பியது. 1991இல் கேரி ஷ்வார்ட்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் முடிச்சை அவிழ்த்து எழுதினார்.

அப்படியானால் ஃபோர்டு நிரபராதியா என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். பின்டோ தீயில் காயம்பட்டவர் தொடுத்த கிரிம்ஷா வழக்கில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981இல் கொடுத்த தீர்ப்பை எடுத்துப் பாருங்கள், அதுவும் இலவசமாகவே கிடைக்கிறது. மோதல் சோதனைகளில் டாங்க் உடைவது கம்பெனிக்கு முன்பே தெரிந்திருந்தது என்று அதில் இருக்கிறது. பின்பகுதியை வலுப்படுத்தி, அச்சை மழமழப்பாக்கி, பம்பரை மேம்படுத்தி, நசுங்க இடம் கூட்டினால் காருக்கு 15.30 டாலர் ஆகும்; மணிக்கு 34 முதல் 38 மைல் வேக மோதலிலும் டாங்க் தப்பியிருக்கும் என்ற விவரமும் இருக்கிறது. அதாவது ஃபார்வர்டு காட்டும் காகிதம் தப்பு, ஆனால் சரியான காகிதம் இன்னும் மோசம். அட்டவணையின் படம் கவர்ச்சியாக இருப்பதால் எல்லோரும் அதையே பகிர்கிறார்கள், நான்கு உதிரிபாகங்களின் விலை தீர்ப்புக்குள்ளேயே தூங்குகிறது. எண்கள் நிறைந்த படம் எது வந்தாலும் முதலில் எண்ணிக்கைப் பத்தியைப் பாருங்கள். கதையில் வரும் பொருள் அத்தனை எண்ணிக்கையில் இருக்க முடியுமா என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

பழுப்பு மிட்டாய்க்கு இவ்வளவு பாடு வேண்டாம். வான் ஹேலன் ராக் குழு கச்சேரி அமைப்பாளர்களுக்குக் கொடுத்த 1982 ஒப்பந்த இணைப்பு ஸ்கேன் செய்யப்பட்டு 2008 முதல் இணையத்தில் கிடைக்கிறது. எம் அண்ட் எம் மிட்டாயில் பழுப்பு நிறம் கூடவே கூடாது என்ற வரி அதில் உண்டு. ‘திமிர் பிடித்த ஸ்டார்கள்’ என்பது பழைய விளக்கம். ‘மேடையின் எடை, மின்சாரம் பற்றிய விதிகளுக்கு நடுவே வேண்டுமென்றே ஒளித்துவைத்த சோதனை வரி, பழுப்பு மிட்டாய் இருந்தால் ஒப்பந்தத்தை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்’ என்பது பாடகர் டேவிட் லீ ராத் தன் சுயசரிதையில் சொன்ன புது விளக்கம். மேலாண்மை வகுப்புகளுக்கு இது வெல்லக்கட்டி. ஆனால் காகிதத்தில் அந்த வரி இருப்பது மின்சாரத்துக்கு நடுவில் இல்லை. நொறுக்குத் தீனிப் பட்டியலில், சிப்ஸ், பருப்பு வகையறாக்களுக்குப் பக்கத்தில். சமையல்காரர் கண்ணில் முதலில் படும் இடம். சோதனை என்பது உண்மையாகவே இருக்கலாம், ஒளித்துவைத்தது என்பது மட்டும் கதைக்குப் போட்ட தாளிப்பு.

கூகுள் விவகாரத்தில்தான் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கருவி வருகிறது: பழைய வலைப்பக்கங்களின் பிரதிகளைச் சேமித்துவைக்கும், இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின். செய்தியின் லிங்க்கைப் போடாதீர்கள். ‘தீமை செய்யாதே’ இடம்பெற்ற, கூகுள் ஊழியர்களுக்கான நடத்தை விதிகள் இருந்த பக்கத்தின் முகவரியைப் போடுங்கள். முகவரி மாறியிருந்தால் அந்தச் சமயத்துச் செய்திக் கட்டுரைகளில் இருக்கும் பழைய லிங்க்கை எடுக்கலாம். ஆண்டு வாரியாகக் காலண்டர் விரியும். நீல வட்டம் உள்ள தேதிகளில் பக்கம் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டிருக்கும். பச்சை என்றால் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும், ஆரஞ்சு என்றால் பக்கம் கிடைக்கவில்லை, சிவப்பு என்றால் சர்வர் கோளாறு. 2018 ஏப்ரல் பிற்பகுதிப் பிரதியையும் மே முதல் வாரப் பிரதியையும் திறந்து ஒப்பிட்டால் விஷயம் தெளியும். முன்னுரையில் பல தடவை வந்த ‘தீமை செய்யாதே’ போய்விட்டது. ஆனால் பக்கத்தின் கடைசி வாக்கியத்தில் அது அப்படியே இருக்கிறது: தவறாக ஏதும் பட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள் என்ற வேண்டுகோளோடு. ‘அழித்துவிட்டது’ என்பதும் தப்பு, ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதும் தப்பு. வாசலில் இருந்த பலகையைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினார்கள். அது ஏன் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி, அதற்குக் காப்பகத்தில் பதில் கிடையாது.

வேபேக்கில் வழக்கமாகச் சறுக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, இரண்டு பிரதிகளுக்கு நடுவில் எப்போதோ மாற்றம் நடந்தது என்றுதான் அது காட்டும். பின்னதன் தேதியை மாற்றிய தேதி என்று எழுதிவிடக் கூடாது. முகவரியில் வரும் 14 இலக்க எண்தான் சேமித்த நேரம்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி, கிரீன்விச் நேரப்படி. இரண்டாவது, அதே பக்கத்தில் தெரியும் படங்கள் வேறு தேதியில் சேமித்தவையாக இருக்கலாம். 2009 பக்கத்தில் 2013 லோகோ எட்டிப்பார்ப்பது இதனால்தான். மேல் பட்டையில் ‘இந்தப் பிரதியைப் பற்றி’ என்ற இடத்தைச் சொடுக்கினால் ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு நேர வித்தியாசம் என்று காட்டும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். பிரவுசரிலேயே எழுத்தை மாற்றிப் படம் பிடிக்க இரண்டு சொடுக்கு போதும்.

பல்பு பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும். ‘நூறு வருஷம் எரியும் பல்பைச் சதி செய்து ஒழித்தார்கள்.’ சதி நிஜம். 1924இல் ஆஸ்ராம், பிலிப்ஸ் முதலான கம்பெனிகள் ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்து, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்தில் நிறுத்தின. மாதிரிகளைச் சோதித்து, மீறிய ஆலைகளுக்கு அபராதமும் போட்டன. ஆனால் இழையின் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. மின்னழுத்தத்தை 5 சதவீதம் குறைத்தால் டங்ஸ்டன் இழையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெளிச்சமோ 15 சதவீதத்துக்கு மேல் விழும். அதே மின்சாரச் செலவுக்கு மங்கல்தான் மிச்சம். கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் 1901 முதல் எரிகிற புகழ்பெற்ற பல்பு இன்று சுமார் 4 வாட் அளவில் மினுங்குகிறது, அதன் தீர்க்காயுசுக்கு அதுவே பெரிய காரணம். 1,000 மணி நேரம் எஞ்சினியரிங் படி நியாயமான எண்ணாக இருக்கலாம். போட்டியாளர்கள் கூடி அதை அபராதம் போட்டுக் கட்டிக்காப்பது வேறு சங்கதி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

கம்பெனி நீதிநெறி என்றால், கணக்கு மோசடியில் விழுந்த அமெரிக்க எரிசக்திக் கம்பெனி என்ரானை விட முடியாது. 2000 ஜூலையில் அச்சிட்ட அவர்களின் 64 பக்க நெறிமுறைக் கையேடு, 2001 டிசம்பரில் கம்பெனி திவாலானதும் ஏலத் தளங்களில் வேடிக்கைப் பொருளாக விலைபோனது. ‘எழுதியது ஒன்று, செய்தது ஒன்று’ என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விஷயம் அதைவிட நுணுக்கமானது. 1999 ஜூனில் நிதித் தலைமை அதிகாரி தானே நடத்தும் கூட்டு நிறுவனம் என்ரானோடு வியாபாரம் செய்யலாம் என்று இயக்குநர் குழு சம்மதித்தது, அதற்காக நெறிமுறைக்கு விலக்கும் கொடுத்தது. இந்த விஷயத்தில் யாரும் விதியைத் திருட்டுத்தனமாக மீறவில்லை; கூட்டம் போட்டு, முறைப்படி, குறிப்பேட்டில் எழுதி ஓரமாக நகர்த்திவைத்தார்கள். என்ரானின் இயக்குநர் குழுவே விசாரிக்க அமைத்த பவர்ஸ் குழுவின் 2002 பிப்ரவரி அறிக்கையில் இது விவரமாக இருக்கிறது.

ஆகவே எந்தக் கம்பெனியின் நெறிமுறையைப் படித்தாலும் ‘விலக்கு’ என்ற பத்தியை முதலில் தேடுங்கள்: யார் கொடுக்கலாம், யாருக்கு, வெளியே சொல்ல வேண்டுமா. அமெரிக்கப் பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால், என்ரானுக்குப் பின் வந்த சட்டப்படி, தலைமை நிர்வாகிக்கோ நிதித் தலைவருக்கோ விலக்கு கொடுத்தால் நான்கு வேலை நாளில் அறிவிக்க வேண்டும். எட்கர் என்ற அரசுத் தளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டு, முக்கிய நிகழ்வுகளை உடனே அறிவிக்கும் 8-கே அறிக்கைகளில் 5.05 என்ற வகையைத் தேடுங்கள். சில கம்பெனிகள் இதைத் தங்கள் தளத்திலேயே போட்டுவிடுவதால் அங்கேயும் ஒரு கண் வையுங்கள். எட்கரின் முழுவாசகத் தேடல் 2001க்கு முன்னால் போகாது. அதற்கு முந்தையவற்றை அறிக்கை அறிக்கையாகத்தான் திறந்து பார்க்க வேண்டும். விலக்கு என்று பெயர் வைத்துக் கொடுத்தால்தான் கணக்கு என்றும் இல்லை. பெரிய மீறல் தெரிந்தும் நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காமல் சும்மா இருந்தால், அதுவும் விலக்குதான் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.